ஆறாவது நட்டு

ஒடிஞ்ச ஸ்டட்டை ஒளிச்சு வைக்கத் தெரியாத மெக்கானிக்கு இந்தத் தென்காசி வட்டாரத்துல கிடையாது. எனக்குத் தெரியாதுன்னு எவனாவது சொன்னா, அவன் இன்னும் ஒண்ணுகூட ஒடிக்கல, அம்புட்டுதான். நானும் ஒளிச்சு வச்சவன்தான். அதைச் சொல்லத்தான் எங்கிட்டத் தொழில் பழகுத உங்களை உக்காத்தி வச்சிருக்கேன். கிழவன் ஆரம்பிச்சிட்டாண்டான்னு எந்திரிச்சுப் போயிராதிய. டீ வரச் சொல்லியிருக்கேன், குடிச்சுக்கிட்டே கேளுங்க.

ரெண்டாவது உலகச் சண்டை நடந்துக்கிட்டிருந்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன், அரிசிக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்குக் கார்டு. எனக்கு இருவத்தஞ்சு வயசு ஆகல. ஒர்க்ஷாப்பு, குழி, சங்கிலிக் கப்பி ஒண்ணும் கிடையாது. ஒரு சாக்குப்பை நெறைய ஸ்பேனர், அதைக் கட்டி வைக்க ஒரு சைக்கிள். கார் வச்சிருக்கவிய வீட்டுக்கே போய் வேலை பாப்பேன். குத்தாலத்து பங்களாக்களுக்குச் சீசன்ல வர்றவியதான் எனக்குப் படியளந்தாவ.

சீசன் முடிஞ்ச பெறவும் அங்கனயே இருந்த கார் டாக்டரம்மாவோடது. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், கல்யாணம் கட்டிக்கிடல. சுத்துப்பட்டுல எங்க பிரசவம் சிக்கலானாலும் அவியளைத்தான் தேடி வருவாவ. டிரைவர் பட்டாளத்துக்குப் போயிட்டான். அதனால அவியளே ஓட்டுவாவ. பழைய வண்டி, மேல கித்தான் கூடாரம், மழை வந்தா ரெண்டு பக்கமும் படுதாவை இறக்கி பொத்தான் போட்டுக்கிடணும்.

ரெண்டு மாசமா அந்தக் காருக்குள்ள புகை வந்துக்கிட்டிருந்தது. போயிட்டு வந்தா டாக்டரம்மாவுக்குத் தலைவலி, ஒருநாள் வாந்தியே எடுத்துட்டாவ. நான் போய் பானெட்டைத் திறந்து பாத்தேன். மேனிபோல்டுதான். உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல, எஞ்சின் விலாவுல ஒட்டிக்கிட்டிருக்க வார்ப்பிரும்புக் குழாய், எல்லா சிலிண்டர் புகையையும் சேத்து வெளிய அனுப்புத சாமான். கடைசி முனையில, ஆள் உக்காருத பக்கத்துல, எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவுல வைக்குத கேஸ்கட் கருகிப் போயிருந்தது. அங்கன கசியுத புகை தரைப்பலகை இடுக்கு வழியா நேரா உள்ள வருது.

"பிட்டர், ஒண்ணு தெரிஞ்சுக்கோ"ன்னாவ டாக்டரம்மா. என்னைத் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவாவ. "நாறுத புகைக்கு நான் பயப்படல. அதுல நாத்தமே இல்லாத ஒண்ணு கலந்திருக்கு. தூக்கம் வர்ற மாதிரி வந்து ஆளைக் கொண்டு போயிரும். அடுத்த வாரம் வடகரையில ஒரு பிள்ளைத்தாச்சியை இதுல ஏத்திட்டு வர வேண்டியிருக்கும். மொதப் பிள்ளை செத்துப் பிறந்த பொண்ணு. அதுக்குள்ள சரிபண்ணிரு."

வேலை என்ன? எஞ்சின்லேருந்து நீட்டிக்கிட்டு நிக்குத திருகுக் கம்பி, அதான் ஸ்டட், அதுலேருந்து ஆறு நட்டைக் கழத்தணும், குழாயை உருவணும், கேஸ்கட்டை மாத்தணும், ஆறு நட்டைத் திருப்பிப் போடணும். கேக்கதுக்கு எம்புட்டு சுளுவா இருக்கு! குத்தாலத்துச் சாரல் பன்னெண்டு வருசமா தின்ன நட்டு அதெல்லாம். முந்தின நாளே மண்ணெண்ணெயை ஊத்தி ஊறப் போட்டாத்தான் அசையும். என் கார்டு மண்ணெண்ணெய் அந்த மாசம் தீந்துபோச்சு. டாக்டரம்மா வீட்டு அடுக்களையில ஒரு பாட்டில் இருந்தது, என் கண்ணாலயே பாத்தேன். ஒரு கரண்டி தாங்கம்மான்னு கேட்டா கொடுக்க மாட்டாவளா? ஆனா வேலை பாக்க வந்தவன் வீட்டுக்காரவியகிட்ட சாமான் கேக்கதா, நல்லாவா இருக்கும்னு ஒரு வீராப்பு. வீராப்பு என்ன வீராப்பு, வெக்கம்.

குத்தாலத்துல எதுக்குப் பஞ்சம் வந்தாலும் எண்ணெய்க்குப் பஞ்சம் கிடையாது பாத்துக்கிடுங்க. அருவிக்கரையில எண்ணெய் தேச்சுவிடுத ஆளுககிட்ட ஒரு கிண்ணம் நல்லெண்ணெய் வாங்கிட்டு வந்தேன். மனுச மூட்டுக்குள்ளயே எறங்குத எண்ணெய், நட்டுக்குள்ள எறங்காதான்னு என் கணக்கு. சாயங்காலம் ஆறு நட்டுலயும் ஊத்தி, நல்லா உறிஞ்சட்டும்னு எஞ்சினை வேற அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வச்சுட்டுப் போனேன். என்னா புத்திசாலி பாத்தியளா!

காலையில வந்து ஸ்பேனரை மாட்டினா, ஒண்ணு அசையல. தோசைக்கல்லு விளிம்புல பிசுக்கு காஞ்சு கறுப்பா இறுகிக் கிடக்கும்லா, அந்த மாதிரி நல்லெண்ணெய் வெந்து திருகுக்குள்ள உக்காந்திருக்கு. துருவாவது பரவாயில்ல, இப்பம் துருவுக்கு மேல பிசினையும் பூசி வச்சிருக்கேன்.

நான் கம்பித் தூரிகையை வச்சுச் சுரண்டிக்கிட்டிருக்கும்போது ஒரு ஆள் சைக்கிள்ல வந்து எறங்கினான். முட்டு வரைக்கும் சேறு, மூச்சு வாங்குது. அந்த வடகரைப் பொண்ணோட புருசன் மாடசாமி. "அம்மா, ராத்திரியே வலி கண்டுட்டு. பிள்ள குறுக்க கெடக்காம். மருத்துவச்சி கைய விரிச்சுட்டா"ன்னு வாசல்ல நின்னே கத்தினான்.

டாக்டரம்மா பையை எடுத்துக்கிட்டு வெளிய வந்தாவ. என்னையும் காரையும் பாத்தாவ. ஆறு நட்டும் அப்படியே இருக்கு. திட்டுவாவன்னு நினைச்சேன். திட்டல. தெருமுனையில நின்ன குதிரை வண்டியைக் கூப்பிடச் சொன்னாவ.

"நான் முன்னால போறேன். பிள்ளையைத் திருப்ப முடியுதான்னு பாக்குதேன். முடியலேன்னா தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து அறுத்துத்தான் எடுக்கணும். நீ மூணு மணிக்குள்ள காரோட அங்கன வந்து நிக்கணும். இந்தாளு உனக்கு வழி காட்டுவாரு." வண்டியில ஏறப் போனவிய திரும்பி வந்து, மெதுவாச் சொன்னாவ: "ஆனா புகை வந்தா கொண்டு வராதே. மழைக்குப் படுதாவை மூடித்தான் அவளைக் கிடத்தணும். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளை. புகை வந்தா நான் மாட்டுவண்டியிலயே ஏத்திக்கிடுதேன். கொண்டு வரலாமா வேண்டாமான்னு நீதான் முடிவு பண்ணணும்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைப் போட்டு ஆட்டிச்சு. ஏசிட்டுப் போயிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்.

மாடசாமி பக்கத்துல நின்னான். நான் பிசினைச் சுரண்டி, வெந்நி ஊத்தி, தட்டித் தட்டி மொத நட்டை எடுக்கும்போது மணி பதினொண்ணு. ரெண்டாவது, மூணாவது வந்துச்சு. நாலாவதும் அஞ்சாவதும் என் உள்ளங்கைத் தோலை உரிச்சுக்கிட்டு வந்துச்சு. ஆறாவது கடைசி முனையில, கை நுழையாத எடத்துல. எந்த எடம் கசியுதோ அதே எடம். ஒரு தடவை முன்னால இறுக்கி, அப்புறம் பின்னால தளத்தி, அப்படித்தான் வரணும்னு எனக்குத் தெரியும். ஆனா வடகரையில ஒருத்தி கத்திக்கிட்டுக் கெடக்கா, அவ புருசன் என் கையையே பாத்துக்கிட்டு நிக்கான். ஸ்பேனர்ல குழாயைச் சொருகி ஒரே இழுப்பா இழுத்தேன்.

டக்குன்னு ஒரு சத்தம். ஸ்பேனர் சுளுவாச் சுத்துச்சு.

"ஒடிஞ்சிட்டோ, அண்ணாச்சி?"ன்னான்.

"இல்ல. கழண்டுட்டு"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதிய. யோசிச்சுச் சொன்ன பொய்யில்ல அது, வாயில தன்னால வந்துட்டு. குழாயை உருவிப் பாத்தா, ஸ்டட் ஒடிஞ்சு நகக்கண் அளவு மூக்கு மட்டும் வெளிய நிக்கி. அதைத் துளைபோட்டு எடுக்கணும்னா ஒருநாள் வேலை. எங்கிட்ட இருந்தது மூணு மணி நேரம். புதுசாக் கொண்டு வந்திருந்த தாமிரக் கேஸ்கட்டைக் கரியில பழுக்கக் காச்சித் தண்ணியில முக்கி இளக்கி வச்சேன். குழாயைத் திருப்பி மாட்டி அஞ்சு நட்டையும் கண்ணு பிதுங்க முறுக்கினேன். ஆறாவது நட்டை? அதுக்குள்ள இணைப்புல பூசுத வெள்ளைக் களிம்பை அப்பி, குழாய்ல அந்த ஸ்டட் வர வேண்டிய ஓட்டை மேல ஒட்டி வச்சேன். பாத்தா ஆறு நட்டும் ஜோரா இருக்கு. அஞ்சு பிடிச்சா ஆறாவது முனையும் சேந்து படிஞ்சிரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

நாத்தமில்லாத புகையை மூக்கை வச்சுப் பாக்க முடியாதுல்லா. நைசான பொடி ஏதாவது இருந்தா இணைப்பு ஓரமாத் தூவிப் பாக்கலாம், கசிவு இருந்தா ஊதித் தள்ளும். அடுக்களைச் சாம்பல் கிடைக்குமான்னு நான் சுத்திமுத்திப் பாக்க, மாடசாமி மடியிலேருந்து ஒரு பொட்டலத்தை நீட்டினான். வர்ற வழியில கோயில்ல வாங்கின திருநீறு, பொண்டாட்டிக்குப் பூச. எஞ்சினை ஓடவிட்டு, அதை நுள்ளி இணைப்பு நெடுகத் தூவினேன். அஞ்சு எடத்துல அப்படியே இருந்தது. ஆறாவது எடத்துல பஃப்ஃபுன்னு பறந்துட்டு.

மாடசாமி கையைக் கூப்பினான். "துண்ணூறு பறக்குதே! நல்ல சகுனந்தான அண்ணாச்சி?"

"ஆமா. நல்ல சகுனந்தான்"ன்னேன்.

நாப்பது வருசம் இந்தத் தொழில்ல இருந்திருக்கேன். எத்தனையோ பொய் சொல்லியிருக்கேன், நாளைக்குத் தாறேன், சாமான் வரல, அந்த மாதிரி. இந்த ஒரு பொய்யை நினைச்சா மட்டும் இன்னைக்கும் எனக்குச் சோறு எறங்காது.

கிளம்பினோம். சாரல் வலுத்துட்டு. "நான் பின்னால உக்காருதேன். அவ எப்படிப் படுத்து வருவான்னு பாத்துக்கிடுதேன்"ன்னு சொல்லிப் படுதா ரெண்டையும் அவனே இறக்கிப் பொத்தான் போட்டான். முன்பக்கம் எனக்குக் காத்து வருது. பின்னால அவன் தனியா. நாலு தடவை கூப்பிட்டேன், "என்னவே, சரியா இருக்கா?" நாலு தடவையும் "நல்லா இருக்கு, விடுங்க"ன்னான்.

செங்கோட்டை அப்பம் திருவிதாங்கூர் ராஜ்ஜியம். எல்லையில சவுக்கை, அதான் சுங்கச்சாவடி, உண்டு. அரிசி கடத்துதான்னு ஒவ்வொரு மாட்டுவண்டியையும் வைக்கோலைப் பிரிச்சுப் பாக்கான். எங்களுக்கு முன்னால ஏழெட்டு வண்டி. அணைச்சா திரும்பக் கிளம்பாதோன்னு பயந்து எஞ்சினை ஓடவிட்டுக்கிட்டே நின்னேன். கால்மணி நேரம் இருக்கும். எங்க முறை வந்து, சவுக்கைக்காரன் பின்பக்கப் படுதாவைத் தூக்கினான்.

"எந்தா இது? இயாளுக்குச் சுகமில்லல்லோ!"ன்னு மலையாளத்துல சத்தம் போட்டான்.

எறங்கி ஓடினேன். மாடசாமி சீட்டுல ஒருச்சாஞ்சு கெடக்கான். மொகத்துல ரத்தமே இல்ல. கையைப் பிடிச்சு எறக்கினா நிக்க முடியல, ரோட்டோரமாக் குத்தவச்சு வாந்தி எடுத்தான். தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான்.

"எப்பமிருந்து இப்படி இருக்கு?"

"குத்தாலத்தைத் தாண்டுனதுமே லேசா வலிச்சுது."

"ஏன்வே சொல்லல? நாலு தடவை கேட்டேனே!"

"சொன்னா வண்டிய நிப்பாட்டிருவியளே, அண்ணாச்சி."

அவன் போக்குல அவன் மறைச்சான், என் போக்குல நான் மறைச்சேன். ரெண்டு பேரும் அவசரம் அவசரம்னு அந்தப் பொண்ணைக் கொல்லத்தான் போய்க்கிட்டிருந்தோம். மணி ஒண்ணே முக்கால். வடகரைக்கு இன்னும் பண்பொழி தாண்டிப் போகணும்.

பானெட்டைத் திறந்தேன். அவனைப் பக்கத்துல கூப்பிட்டு, அந்த நட்டை ரெண்டு விரலால எடுத்து அவன் கையில வச்சேன். "ஒடிஞ்சுதான் போச்சு. களிம்பை வச்சு ஒட்டினேன். துண்ணூறு பறந்தது சகுனம் இல்லவே, புகை. எனக்கு அப்பமே தெரியும்"னேன். நல்லெண்ணெய்க் கதையையும் சொன்னேன். மண்ணெண்ணெய் கேக்க வெக்கப்பட்டதையும் சொன்னேன்.

அவன் நட்டையே பாத்தான். அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சா வாங்கிக்கிடணும்னுதான் நின்னேன். "ஏம்வே, ஒரு கரண்டி மண்ணெண்ணெய். வாயத் திறந்து கேட்டா என்ன கொறஞ்சா போயிருவீரு?"ன்னான். அண்ணாச்சிங்குத மரியாதை போயி 'வே' வந்துட்டு. பெறவு மொகத்தைத் தொடச்சுக்கிட்டு, "இப்பம் என்ன செய்யணும்? அதைச் சொல்லும்"னான்.

என்ன செய்யணும்னு பதட்டத்துல பங்களாவுல தோணாதது, உண்மையைச் சொன்ன பெறவு தோணுச்சு. ஆறாவது ஸ்டட் இல்லேன்னா போகுது, அஞ்சாவது இருக்குல்லா? ஒரு கனமான இரும்புப் பட்டையை அஞ்சாவதுல மாட்டி, அதோட மறுமுனை ஆறாவது எடத்தை அமுக்குத மாதிரி நட்டை இறுக்கினா? சவுக்கைக்குப் பக்கத்துலயே வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுத கொல்லுப் பட்டறை இருந்தது. விசயத்தைச் சொன்னதும் அந்த ஆசாரி கையில இருந்த வேலையைப் போட்டுட்டு, ஒரு துண்டுப் பட்டையைப் பழுக்கக் காச்சி ஓட்டை போட்டுக் குடுத்தாரு. பட்டை சமமா உக்கார முனைக்கு அடியில ஒரு தகடு வேணும். அப்பம் நடுவுல ஓட்டை போட்ட காலணா ஒண்ணு புழங்குச்சு. மாடசாமி தன் மடியிலேருந்து ரெண்டை எடுத்துக் குடுத்தான்.

கேஸ்கட்டைத் திரும்பச் சரிபண்ணி வச்சு, இந்தத் தடவை அவசரப்படாம, கொஞ்சம் இதுல கொஞ்சம் அதுலன்னு மாத்தி மாத்தி இறுக்கினேன். கை சுட்டுது, சுடட்டும்னு விட்டேன். எஞ்சினைக் கிளப்பினேன். திருநீறை நான் கேக்கல. மாடசாமியே பொட்டலத்தைப் பிரிச்சு, குனிஞ்சு, ஆறாவது எடத்துல அவனே வச்சான். சாரல் படாம துண்டைப் பிடிச்சுக்கிட்டு மூச்சைப் பிடிச்சுப் பாத்தான். நான் வேகத்தைக் கூட்டினேன், கொறச்சேன், திரும்பக் கூட்டினேன்.

"அசையல"ன்னான். இன்னும் கொஞ்ச நேரம் பாத்தான். "அசையல, அண்ணாச்சி."

மிச்ச தூரமும் படுதாவை மூடிக்கிட்டு அவன் பின்னாலதான் வந்தான். நான் இப்பம் கேக்கவே இல்ல, அவனே சொல்லிக்கிட்டு வந்தான்: தலை தெளிஞ்சிருக்கு, தெளிஞ்சிருக்குன்னு.

வடகரை போய்ச் சேரும்போது மூணு தாண்டிட்டு. டாக்டரம்மா வாசல்லயே நின்னாவ. ரவிக்கைக் கை ரெண்டும் தோள்பட்டை வரைக்கும் நனைஞ்சிருக்கு. பிள்ளை திரும்பல. என் மூஞ்சியைப் பாத்து ஒரே வார்த்தை, "புகை?"

நான் மாடசாமியைத் திரும்பிப் பாத்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுத யோக்கியதை எனக்கு இல்லேன்னு தோணுச்சு. மாடசாமிதான் சொன்னான். "செங்கோட்டை வரைக்கும் இருந்துச்சும்மா. அப்பம் இவிய ஒத்துக்கிட்டு சரிபண்ணுனாவ. அதுக்குப் பெறவு நான் உள்ள இருந்து பாத்துட்டேன். ஏத்தலாம்."

கட்டிலோட தூக்கி வந்து ஏத்துனாவ. செல்லம்மான்னு பேரு அந்தப் பொண்ணுக்கு. வழி நெடுக அவ கத்தல் என் பிடரியில அடிச்சுக்கிட்டே வந்துச்சு. செங்கோட்டையில எங்களைப் பாத்ததும் சவுக்கைக்காரன் வண்டிகளை ஒதுக்கி வழி விட்டுட்டான். அதைத் தாண்டி அரை மைல் போயிருக்கும், கத்தல் நின்னுட்டு.

தூக்கம் வர்ற மாதிரி வந்து கொண்டு போயிரும்னு சொன்னாவளே! பிரேக்கைப் போட்டு, இறங்கி, பொத்தான் தெறிக்கப் படுதாவைத் தூக்கினேன்.

"எதுக்குடா நிறுத்தினே?"ன்னு டாக்டரம்மா போட்டாவ ஒரு சத்தம். "ஊசி போட்டிருக்கேன், கண்ணு சொருகியிருக்கா. ஓட்டு!"

அந்தத் திட்டைப் போல ஒரு நல்ல வார்த்தையை என் ஆயுசுல நான் கேட்டதில்ல. தென்காசி ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிட்டு, காருக்குள்ளயே உக்காந்திருந்தேன். விளக்கு வைக்குத நேரம், பொம்பளப்பிள்ள. தாயும் தப்பிச்சா.

மறுநாள் டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "ஒடிச்சதுக்கு உன்னை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னாவ. அதோட உள்ள போயிட்டாவ. ஒட்டுனதுக்கு என்ன சொல்லுவாவன்னு நான் கேக்கவும் இல்ல, அவிய சொல்லவும் இல்ல.

ஒரு மாசம் போயிருக்கும். மாடசாமி என் வீட்டு வாசல்ல சைக்கிளை நிறுத்தினான். கேரியர்ல வாழை மட்டையில சுத்திக் கட்டின ஒரு சீசா. துணித் தக்கையைப் பிடுங்கினா மண்ணெண்ணெய் வாடை.

"என்னவே இது?"

"எங்க கார்டுக்கு உள்ளது."

"கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு இருட்டுலயா கெடக்கிய?"

"எங்களுக்கு இலுப்ப எண்ணெய் வெளக்கு போதும். அடுத்தாப்ல எவம் பொண்டாட்டிக்குக் கார் பூட்டப் போறியளோ, அப்பம் இல்லன்னு நிக்கப்படாதுல்லா." சீசாவை என் கையில வச்சுட்டுச் சைக்கிள்ல ஏறிட்டான். அவன் அன்னைக்கு ரோட்டுல என்னைச் செருப்பைக் கழத்தி அடிச்சிருந்தாக்கூட இம்புட்டு வலிச்சிருக்காது. தலைவாசல்லயே உக்காந்து அழுதேன்.

அந்தச் சீசாதான் அந்தா அலமாரியில, தேஞ்ச ஸ்பேனருக்குப் பக்கத்துல நிக்கி. நாப்பது வருசத்துல ஒருநாளும் அதைக் காலியா விட்டதில்ல. எவனுக்கு வேணுமோ எடுத்துக்கிடுங்க. என்கிட்டக் கேக்க வெக்கமா இருந்தா, கேக்காமலே எடுங்க. ஆனா ஒடிஞ்சா மட்டும் வந்து சொல்லிருங்கலே.